ஆறு பலம்

ராசிபுரத்துக்குத் தெற்கே நாலு மைல் நடந்தால் ஊஞ்சக்காட்டுத் தோட்டம் வரும். அந்தத் தோட்டத்துக் காளியப்பன் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் இலையை மறந்துவிட்டு அவர் இலையைப் பார்ப்பார்கள். அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்கிற ஆள் அல்ல அவர். களியை உருட்டி, நடுவில் குழி செய்து, குழியில் கீரைக் கடைசலை வாங்கி, ஏதோ ஒரு வேலையைச் செய்து முடிக்கிற மாதிரி நிதானமாகச் சாப்பிடுவார். மூன்றாவது உருண்டையைக் கேட்கும்போதும் முதல் உருண்டைக்கு இருந்த அதே முகம்தான் இருக்கும். கருக்கலில் கவலை ஏற்றம் பூட்டினால் வெயில் உச்சிக்கு வரும்வரை கிணற்றிலிருந்து மாடுகளோடு சேர்ந்து தண்ணீர் இறைக்கிற உடம்பு. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அவர் பெண்டாட்டி சாலம்மாளுக்கு அதில் ஒரு பெருமையே உண்டு. பதினேழு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள். இருபத்து மூன்று வருஷமாகக் களி கிண்டிக் கிண்டி அவளுடைய வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் பருத்திருந்தது.

ஈஸ்வர வருஷம் சித்திரையில் அந்த உடம்பு இளைக்க ஆரம்பித்தது. வெயில் அதிகம், அதனால்தான் என்று முதலில் நினைத்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். குடித்ததெல்லாம் நிற்காமல் வெளியே போயிற்று. வைகாசியில் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் சரிந்தது. வேலியோரம் அவர் ஒதுங்குகிற இடத்தில் கட்டெறும்பு வரிசை கட்டி வந்தது. அதை முதலில் பார்த்தவள் சாலம்மாள்தான். ஆனியில் குதிகாலில் ஒரு வேலமுள் ஏறியது. முள்ளைப் பிடுங்கி எருக்கம்பால் வைத்தார்கள். எத்தனையோ முள் ஏறிய கால் அது. ஆனால் இந்த முள் போட்ட ஓட்டை மட்டும் மூடவில்லை. ஆடி பிறந்தபோது அதிலிருந்து நீர் வடிந்து, ஈ மொய்த்து, அவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். ஆவாரம்பூவைக் காய்ச்சிக் குடித்தார். நாவல்கொட்டையைப் பொடி செய்து தின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

பண்ணையத்து ஆள் அங்கமுத்துதான் சாலம்மாளிடம் சொன்னான். "பண்ணாடிய இதுக்குமேல இப்படியே வெச்சிருக்காதீங்க. சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க ஆத்தா. அஸ்தம்பட்டியில ஒரு டாக்டரு இருக்கறாரு. எங்க சம்பந்திக்கு அவருதான் காலைக் காப்பாத்திக் குடுத்தாரு."

தோட்டத்தை அங்கமுத்துவிடம் விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் முதல் பஸ் ஏறினார்கள்.

தண்டாயுதபாணி டாக்டர் ஒல்லியான மனிதர். சத்தம் போடாமல் பேசினார். காளியப்பனின் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, நீல நிற மருந்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, விளக்கின் மேல் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, கடைசியில் சுட்ட செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சாலம்மாள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை வியாதி" என்றார் டாக்டர். "ஊசி மருந்து ஒண்ணு இருக்கு. தினமும் போடணும், குளிர்ச்சியில வெச்சிருக்கணும். உங்க தோட்டத்துல அதுக்கு வழியில்ல. மொதல்ல சாப்பாட்டைக் கட்டுப்படுத்திப் பாப்போம். நீங்க வேளைக்கு எவ்வளவு களி சாப்பிடுவீங்க?"

காளியப்பன் இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார். பிறகு அதைக் கொஞ்சம் அகட்டினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டில் எழுதினார். "மத்தியானம் ஏழு அவுன்ஸ் களி. ராத்திரிக்கு சோளச்சோறு அஞ்சு அவுன்ஸ். அதுக்குமேல ஒரு பருக்கை கிடையாது. கீரை, சுரைக்காய், கொத்தவரங்காய், மோர், இதெல்லாம் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க. வெல்லம், கிழங்கு, பழம் கண்ணுல படக்கூடாது." பிறகு சாலம்மாளைப் பார்த்து, "அம்மா, ஒரு தராசு வாங்கிக்குங்க. நிறுத்துத்தான் போடணும்" என்றார்.

"சோத்தையுங்களா?"

"சோத்தைத்தான்."

"கண்ணளவுல பாத்துப் போட்டா ஆகாதுங்களா?"

"மருந்துக்கடையில கண்ணளவுலயா பொடி குடுக்கறான்? நீங்க கண்ணளவுல போட்டா அவரு முகத்தைப் பாத்துட்டு ஒரு கை சேத்துப் போடுவீங்க. தராசு முகம் பாக்காது." காலைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்தப் புண்ணு மேல ஏறினா காலை எடுக்க வேண்டி வரும். ரெண்டு மாசம் பாப்போம்."

கடைவீதியில் அப்துல் சலாம் என்பவருக்கு ஒரு தராசுக் கடை இருந்தது. சின்னச் சின்னப் பித்தளைத் தராசுகள் வரிசையாகத் தொங்கின. சலாம் தாடியைத் தடவிக்கொண்டே, "என்ன நிறுக்க வேணும்மா? மஞ்சளா, நகையா?" என்று கேட்டார்.

"களிங்க" என்றாள் சாலம்மாள்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு வெளியே கட்டுப்போட்ட காலோடு நின்றிருந்த ஆளைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டு சீட்டை வாங்கிப் படித்தார்.

"அவுன்ஸ் உங்களுக்கு எதுக்கு? பலத்துல சொல்றேன். களி ஆறு பலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சோறு நாலு பலம்." இரண்டு எடைக்கல்லை எடுத்தார். ஆறு பலக் கல்லை அரத்தில் தேய்த்து, நிறுத்துப் பார்த்து, மறுபடி தேய்த்தார். "படிக்கத் தெரியுமாம்மா?"

"இல்லீங்க."

ஆறு பலத்தில் சிவப்புக் கயிறும் நாலு பலத்தில் வெள்ளைக் கயிறும் கட்டினார். "சிவப்பு பகலுக்கு. வெள்ளை ராத்திரிக்கு. ரெண்டு தட்டுலயும் ஒரே அளவு இலையை நறுக்கிப் போட்டுட்டு நிறுங்க, ஒட்டாது. எங்க ஊட்டுக்காரி அஜீஸா அப்படித்தான் மாவு நிறுக்குது."

மறுநாள் மத்தியானம் சாலம்மாள் தராசை அடுப்படி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். களி கிண்டி இறக்கியதும், முதலில் வழக்கம்போல இரண்டு உருண்டை பிடித்தாள். எவ்வளவுதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை. சிவப்புக் கல், வெள்ளைக் கல், அம்மிக் குழவிக்கு முட்டுக் கொடுக்கும் கல் எல்லாவற்றையும் ஒரு தட்டில் ஏற்றியும் களித் தட்டு தரையைவிட்டு எழவில்லை. பிய்த்துப் பிய்த்துக் குறைத்தாள். சிவப்புக் கல்லுக்குச் சமமாக வந்தபோது தட்டில் இருந்தது ஒரு தேங்காய்மூடி அளவு களி.

காளியப்பன் வட்டலைப் பார்த்தார். "மீதி எங்க?"

"இவ்வளவுதானுங்க."

"விளையாடாத, புள்ள."

அவள் சீட்டை எடுத்துக் காட்டினாள். அவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனாலும் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். களியைச் சுற்றி மலைபோலக் குவித்திருந்த பண்ணைக்கீரையைக் காட்டி, "இதுக்கு என்னை மாட்டோட தொண்டுப்பட்டியில கட்டியிருக்கலாம்" என்றார்.

அப்படித்தான் ஆவணி முழுக்கப் போயிற்று. கடலைச் செடி பிடுங்குகிற பருவம். காலைத் தரையில் ஊன்ற முடியாமல் காளியப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கவலையை அங்கமுத்து ஓட்டினான். வாய்க்காலில் மடை திருப்பித் தண்ணீர் கட்டுகிற வேலை சாலம்மாள் தலையில் விழுந்தது. விடிகாலையில் சாணி வழித்துப் போட்டு, பால் பீய்ச்சி, மண்வெட்டியோடு மிளகாய்க் காட்டுக்குப் போவாள். பதினொரு மணிக்கு ஓடிவந்து அடுப்பு மூட்டுவாள். தராசைக் கழுவி இலை நறுக்கிப் போட்டு நிறுப்பாள். பிறகு கடலைக் காட்டுக்குப் போவாள். பொழுதோடு திரும்பி வந்து மறுபடி தராசு.

சேதி ஊருக்குள் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்து வெங்கடாசலம் வரப்பில் நின்று குரல் கொடுப்பார்: "என்ன காளியப்பா, இன்னைக்கு எத்தனை பலம் வேல செஞ்செ?" கிணற்றடியில் பெண்கள் சாலம்மாளைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். ஒருத்தி மட்டும் நேராகவே கேட்டாள்: "ஏனக்கா, கட்டுன புருசனுக்கு அடகுக்கடையாட்ட நிறுத்தா போடறது? உன்ற கை கூசலியா?" சாலம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கை கூசத்தான் செய்தது. ஒவ்வொரு மத்தியானமும் கூசியது. வட்டலை அவர் முன்னால் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

புரட்டாசி முதல் வாரம், ஒரு நாள் காலையில், வேலியோரம் எறும்பைப் பார்த்தாள். பத்து நாளாக இல்லாத எறும்பு. வந்து பால் காய்ச்சினாள். கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, வேலியோரம் எறும்பு வந்திருக்குதுங்க."

"காட்டுல எறும்பு வராம என்ன வரும்?"

"பத்து நாளா வரலீங்க."

காளியப்பன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. வெந்நீர்த் துணியால் மெதுவாக ஒற்றினாள்.

"வெங்கடாசலம் சக்கரவள்ளிக் கெழங்கு சுட்டான்" என்றார் கடைசியில். "ரெண்டு தின்னேன். நாலுன்னே வெச்சுக்க." பிறகு வேறு யாரிடமோ சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்: "பசிக்குது சாலா. நாப்பத்தெட்டு வருசமாப் பசின்னா இன்னதுன்னே தெரியாம இருந்திருக்கறேன். வவுத்துக்குள்ள ஒண்ணு உக்காந்துக்கிட்டுப் பிறாண்டுது. அந்நேரத்துக்கு வேற நெனப்பே வரமாட்டேங்குது."

சாலம்மாளுக்கு அது புதுச் சேதியாக இல்லை. ஆனால் அப்படிச் சொல்ல அவளுக்குத் தோன்றவும் இல்லை. "மோரு கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டாள்.

"கொண்டா" என்றார். அதற்குப் பிறகு அவர் வெங்கடாசலத்தின் தோட்டப் பக்கம் போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் குஞ்சம்மாள் வந்தாள். குஞ்சம்மாள் காளியப்பனின் கூடப்பிறந்த அக்கா. மல்லசமுத்திரத்தில் நாலு பையன்கள், மூன்று ஏர் வைத்துப் பண்ணையம் செய்கிற பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தம்பிக்குச் சீக்கு என்று கேள்விப்பட்டு, தூக்குப்போசி நிறைய ஒப்புட்டு சுட்டு எடுத்துக்கொண்டு, வண்டி பூட்டி வந்து இறங்கினாள். முதல் நாள் பெய்த மழையில் வாசல் சொதசொதவென்று இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டு முன்கட்டான ஆசாரத்தில் ஏறியவள் தம்பியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்ற சாமி! இதென்றா கோலம்? தோளெலும்பு துருத்திக்கிட்டு நிக்குதே!"

"சக்கரச் சீக்குக்கா. இப்பப் பரவாயில்ல."

"என்ன பரவாயில்ல? எந்தச் சீமையில சோறு போடாம வைத்தியம் பண்றாங்க? வண்டியில வாரப்பவே காட்டுல ஒருத்தன் சொல்றான், உங்க தம்பிக்கு ஊட்டுல நாலு பலம் ஆறு பலம்னு எடை போட்டுத்தான் சோறுன்னு. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்னு இருந்துது."

சாலம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "வாங்க நங்கையா. கால் கழுவிக்குங்க."

குஞ்சம்மாள் கால் கழுவினாள். ஆனால் உட்காரவில்லை. மத்தியானம் களி இறக்குகிற நேரத்தில் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலம்மாள் முதலில் அங்கமுத்துவுக்கு எடுத்து வைத்தாள். நாத்தனாருக்கு ஒரு பெரிய உருண்டை பிடித்து வைத்தாள். பிறகு இலை நறுக்கித் தட்டுகளில் போட்டு, சிவப்புக் கயிற்றுக் கல்லை வைத்து, மறுதட்டில் களியைப் பிட்டுப் பிட்டு வைத்தாள். தட்டு ஏறி இறங்கி ஆடியது.

"எங்கம்மா இருந்திருந்தா இந்தத் தராசக் கெணத்துல வீசியிருப்பா" என்றாள் குஞ்சம்மாள்.

சாலம்மாள் வட்டலைக் கொண்டுபோய்ப் புருஷன் முன்னால் வைத்தாள். குஞ்சம்மாள் பின்னாலேயே வந்தாள். தூக்குப்போசியைத் திறந்து, நெய் மினுமினுக்கிற ஒப்புட்டு இரண்டை எடுத்து அந்த வட்டலில் போட்டாள். வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்த வாசனை ஆசாரம் முழுக்க எழுந்தது.

"வேண்டாமுங்க நங்கையா. புண்ணு ஏறுனாக் காலை எடுக்கோணும்னு டாக்டரு சொல்லியிருக்கறாருங்க."

"நான் குடுக்கறதுல இவன் கால் போயிருமா? அஞ்சு வயசுல இருந்து என்ற கையால தின்னவன்."

காளியப்பன் ஒப்புட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டையும் எடுத்துத் தூக்குப்போசியின் மூடிமேல் வைத்தார். "அக்கா, கோவிச்சுக்காத. எனக்குக் கால் வேணும்."

குஞ்சம்மாளால் தம்பிமேல் கோபப்பட முடியவில்லை. அத்தனையும் சாலம்மாள் பக்கம் திரும்பியது.

"நல்லா வசியம் பண்ணி வெச்சிருக்கற. புருசன் வாயக் கட்டிப்புட்டு, கதவுக்கு அக்கட்ட உக்காந்து நீ எத்தனை உருண்டை முழுங்கறயோ, ஆரு கண்டா? அவனுக்கு நிறுக்கத் தெரிஞ்சவளுக்கு உனக்கு நிறுக்கத் தெரியாதா? எங்க, உன்ற வட்டலக் கொண்டா. கொண்டான்னா!"

சாலம்மாள் அசையாமல் நின்றாள். குஞ்சம்மாளே உள்ளே போய், அடுப்போரம் மூடி வைத்திருந்த சாலம்மாளின் வட்டலை எடுத்து வந்தாள். தராசையும் அவிழ்த்துக்கொண்டு வந்து, தம்பி பார்க்கட்டும் என்று அவர் எதிரிலேயே தூக்கிப் பிடித்தாள். ஒரு தட்டில் சிவப்புக் கல். மறுதட்டில் களியை அப்படியே கவிழ்த்தாள்.

கல் இருந்த தட்டு தாழ்ந்தது தாழ்ந்தபடி இருந்தது.

குஞ்சம்மாள் புருவத்தைச் சுருக்கினாள். கல்லை மாற்றி வெள்ளைக் கயிற்றுக் கல்லை வைத்தாள். அப்போதும் களித் தட்டு மேலேதான் நின்றது. கீழே வரவில்லை.

"பாதிய எங்க ஒளிச்செ?"

"இல்லீங்க நங்கையா."

குஞ்சம்மாள் போய்ப் பானையை எட்டிப் பார்த்தாள். சுரண்டி வழித்த பானை. அடியில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருந்தது. திரும்பி வந்தவளின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சரி, இன்னைக்கு நான் ஒருத்தி சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன். அதுல உனக்குப் பத்தாமப் போச்சு."

"அதெல்லாம் இல்லீங்க. எப்பவும் இவ்வளவுதானுங்க. எல்லாருக்கும் போட்டது போக மீந்ததுங்க."

"எப்பவுமின்னா? இவனுக்குச் சீக்கு வந்தப்பறமா?"

"அதுக்கு முந்தியுமுங்க. இவியளுக்குக் கொறச்சப்பறம் மாவும் அதுக்குத் தக்கனதானுங்களே போடறேன்."

நேற்று எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் அவள் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை.

"பொங்கல், தீவாளின்னு நோம்பி நொடியிலயுமா?"

"நோம்பின்னா ஒறம்பரை சனம் வருமுங்களே. அன்னைக்கு இன்னுங் கொறையுமுங்க."

குஞ்சம்மாளுக்குச் சட்டென்று ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போயிற்று. "ஆமா" என்றாள். "நோம்பியன்னைக்கு இன்னுங் கொறையும்."

தராசைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். களி இருந்த தட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். நாலு பையன்களுக்கும் மூன்று ஏர் ஆட்களுக்கும் முப்பது வருஷமாகப் போட்ட கை அது. அப்புறம் மூடிமேல் இருந்த இரண்டு ஒப்புட்டையும் எடுத்துச் சாலம்மாளின் வட்டலில் வைத்தாள்.

"தின்னு. உனக்கு ஒரு சீக்கும் இல்லையே."

"நீங்க உண்ணுங்க மொதல்ல."

"நானும் உங்கறேன். இப்படி உக்காரு. ரெண்டு பேரும் சேந்தே உங்கலாம்."

காளியப்பன் தன் ஆறு பலத்தில் பாதியைத் தொடாமல் வைத்திருந்தார். அதை எடுத்து மெல்லச் சாப்பிட்டு முடித்தார். யாரையும் பார்க்காமல் எழுந்து, கை கழுவி, காலைச் சாய்த்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனார். அவர் கோபித்துக்கொண்டு போகிறார் என்று சாலம்மாள் பயந்தாள். வீட்டு விஷயத்தை நாத்தனாரிடம் சொல்லிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் குஞ்சம்மாள் வண்டி ஏறினாள். ஏறுமுன் சாலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாய் நீளம் எனக்கு. மனசுல வெச்சுக்காத அம்மிணி. அவனுக்கு நீ நிறுத்தே போடு. ஆரு என்ன சொன்னாலும் நிறுத்தே போடு." வண்டி வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரித் தடத்தில் திரும்பும் வரை குஞ்சம்மாள் பின்னால் பார்த்துக்கொண்டே போனாள்.

விளக்கு வைத்ததும் சாலம்மாள் சோளச்சோறு இறக்கினாள். தராசை எடுக்கத் திரும்பியபோது காளியப்பன் அடுப்படிக்குள் நின்றிருந்தார். அந்த அடுப்படிக்குள் அவர் வந்து அவள் பார்த்ததே இல்லை. உத்தரம் தலையில் இடிக்காமல் குனிந்து நின்றார்.

"உக்காரு சாலா."

"எதுக்குங்க?"

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தாள். தராசை அவர் தூக்கினார். கவலைக் கயிறு பிடித்த தடித்த விரல்களுக்கு அந்த நூல்கயிறு அடங்கவில்லை. தட்டுகள் ஒன்றோடொன்று மோதின.

"குடுங்க, நான் நிறுக்கறேன்."

"நீ நிறுத்தா மறுபடியும் பழைய அளவுலதான் வந்து நிக்கும்."

வெள்ளைக் கல்லை எடுத்தார். வைத்துவிட்டுச் சிவப்புக் கல்லை எடுத்தார். சோற்றைக் கையால் அள்ளி அள்ளி வைத்தார். சுற்றிலும் சிந்தியது. சோற்றுத் தட்டும் கல் தட்டும் சமமாக வந்த பிறகும் இன்னும் ஒரு பிடி வைத்து, அது தாழ்வதைப் பார்த்தார்.

"எனக்கென்னங்க, சீக்கா? டாக்டரு எனக்கு ஒண்ணும் எழுதலியே."

"சீக்கு வந்தவனுக்கே ஆறு பலம் எழுதியிருக்கறான். சீக்கில்லாதவளுக்கு அதவிடக் கொறைவாவா இருக்கும்?" வட்டலை அவள் முன்னால் வைத்தார். "இந்த ஆறு பலத்துக்கு ஒரு மாசமா நான் போட்ட ஆட்டம் என்ன? மடை திருப்பிக்கிட்டு, கடலை புடுங்கிக்கிட்டு நீ இதுலயும் கொறைவாத் தின்னுக்கிட்டுத்தான இருந்தே? இருவத்து மூணு வருசமா என்ற கண்ணு முன்னாலதான உண்டே?"

"முன்னால எங்கீங்க உண்டேன்? நீங்க எந்திரிச்சுப் போனப்பறந்தானுங்க."

அவர் வட்டலை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

சாலம்மாளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. புருஷன் பார்க்கச் சாப்பிட்டுப் பழக்கமில்லை. வெட்கமாக இருந்தது. வட்டலோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு அவரும் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். மழை மறுபடி தூறியது. மாட்டுக்கொட்டகையில் ஒரு எருமை தும்மியது. பாதி வட்டலுக்கு மேல் அவளால் முடியவில்லை.

"ஆச்சா?"

"போதுமுங்க. வவுறு இழுக்குது."

"மெதுவா உண்ணு. நான் ஒண்ணும் ஓடல. ஓடறதுக்கு எனக்குக் காலு எங்க இருக்குது?"

அவள் சிரித்தாள். சிரித்ததில் இன்னும் ஒரு வாய் இறங்கியது.

ஐப்பசி நடுவில் மறுபடி சேலம் போனார்கள். காளியப்பனின் கட்டை அவிழ்த்த டாக்டர், விளக்கை அருகில் கொண்டுவரச் சொல்லிக் குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் மூடிக்கொண்டு வந்தது. பிறகு கண்ணாடிக் குழாய். நீலம் பச்சையாயிற்று. எல்லோரும் காத்திருந்தார்கள். பச்சையிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, உங்களைத்தான் பாராட்டணும்" என்றார் டாக்டர். "நூறு பேருக்குச் சொல்றேன். நிறுத்துப் போட்டது நீங்க ஒருத்தர்தான். இதே அளவு தொடரட்டும். விட்டுடாதீங்க."

காளியப்பன் நாற்காலியின் நுனியில் நகர்ந்து உட்கார்ந்தார். "டாக்டருங்க, இவளுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுத்துருங்க."

"இவங்களுக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலீங்க. எவ்வளவு திங்கறதுன்னு அளவு வேணும். நான் ஆறு பலம் போடறேன். அது பத்துமா பத்தாதான்னு எனக்குத் தெரியல. கேட்டா, போதும் போதும்னே சொல்றா."

டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சாலம்மாளை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது.

"இவங்களுக்கு எடை தேவையில்ல. காட்டு வேலை செய்யறவங்க. பசி தீரச் சாப்பிட்டாப் போதும்."

சாலம்மாள் யோசித்தாள். சீட்டு இல்லாததால் மனதில் நன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தவள்போல, டாக்டர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பசி தீந்துச்சுன்னு எப்படீங்க தெரியும்?"

டாக்டர் பேனாவைத் தாழ்த்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"இல்லீங்க, பானை தீந்தா நான் எந்திரிச்சுருவனுங்க. அதனால கேட்டனுங்க."

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். காளியப்பன் தன் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவைக் கூடப் போட்டுக் கிண்டுங்க" என்றார் டாக்டர். "நீங்க சாப்பிட்டு முடிச்சப்பறமும் பானையில களி இருக்கணும். இருக்கறதப் பாத்துக்கிட்டே, வேண்டாம்னு எந்திரிக்க உங்களுக்கு மனசு வரணும். எந்த நாள் அப்படி வருதோ, அன்னைக்குத் தீந்துதுன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்ததும் மாவுப் படியைக் காளியப்பன் தானே அளந்து கொடுத்தார். முதல் இரண்டு நாள் சாலம்மாள் பழக்கத்தில் மிச்சத்தை அங்கமுத்துவுக்கு எடுத்து வைத்துவிட்டாள். அங்கமுத்துவைக் கூப்பிட்டு, "இனிமே ஆத்தா ரெண்டாந்தரம் குடுத்தா வாங்காத" என்று சொல்லிவிட்டார் காளியப்பன். அதற்குப் பிறகு பானையில் இருப்பதை அவளே தீர்த்தாள். ஒவ்வொரு நாளும் தீர்ந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் படியில் கொஞ்சம் கூட்டிப் போடுவார். அதுவும் தீரும்.

ஐப்பசி கடைசியில் ஒரு மத்தியானம். மழை விட்டு வெயில் வந்திருந்தது. காளியப்பன் ஆறு பலத்தை முடித்துவிட்டு, மாட்டுக்கொட்டகையில் கவலைக் கயிற்றுக்குப் புரி போட்டுக்கொண்டிருந்தார். அடுப்படியில் சாலம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வட்டல் காலியானது. பானைக்குள் கையை விட்டாள். எடுத்தாள். கையில் களியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைப் பானையிலேயே போட்டாள்.

எழுந்து கை கழுவினாள். வாசலுக்கு வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க!"

"என்ன?"

"மீந்து போச்சுங்க."

"என்னது?"

"களிங்க."

கயிறு முறுக்குகிற சத்தம் நின்றது.

"மீயட்டும்" என்றார் காளியப்பன்.